பொட்டு வைத்த லைசென்ஸ்

சிம்மக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அந்த போர்டு தொங்குகிறது. 'தமிழ்வாணி. விசாரித்துச் சொல்லப்படும்.' அவ்வளவுதான். டைரக்டர் கிடையாது, ஏஜென்சி கிடையாது, ஒரு பூதக்கண்ணாடிப் படம்கூடக் கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சோலைக்கு வயிறு எரியும்.

எரியாதா பின்னே? மதுரையில் ஒரு பிள்ளைக்குக் காது குத்தினால்கூட, பிளெக்ஸில் நிற்கிற மாமன் மச்சான் அத்தனை பேருக்கும் பட்டம் உண்டு. டீக்கடை வைத்திருந்தால் தொழிலதிபர். இரண்டு குடிகாரர்களை விலக்கிவிட்டிருந்தால் சமூக சேவகர். ஒரு வேலையும் பார்க்காவிட்டால் வருங்கால ஏதோ ஒன்று. இப்படிப்பட்ட ஊரில், தமிழ்வாணிக்குக் கையாளாக வருஷக்கணக்கில் வெயிலில் அலைகிற சோலை, தன் மகன் காதுகுத்து பிளெக்ஸில் வெறும் 'சோலை'யாக நின்றான். பக்கத்தில் அவன் மச்சான் 'இளம் தொழிலதிபர்' என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அது என்ன தொழில் என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியாது.

மறுநாளே சோலை கீழ்க் கடையில் சொல்லி ஒரு கட்டு விசிட்டிங் கார்டு அடித்துவிட்டான். 'சோலை, இணை இயக்குநர் (புலனாய்வு).' கார்டுகள் சட்டைப் பையிலேயே கிடந்தன. அக்காவிடம் காட்டத்தான் தைரியம் வரவில்லை. தமிழ்வாணி இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக் கேஸ் விசாரித்துப் பழகியவள். நொண்டிக்கொண்டு வருகிறவன் வாசலில் எந்தக் காலை ஊன்றிக்கொண்டு செருப்பைக் கழற்றினான் என்று பார்க்கிற பொம்பளை. அவளிடம் போய் 'இணை இயக்குநர்' என்று நீட்ட முடியுமா?

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மாடியேறி வந்தவள் பாண்டிமீனா. பி.பார்ம் படித்துவிட்டுப் பேரையூரில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருப்பவள். கூடவே அவள் அப்பா மொக்கையன் வந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்குக்கூட மகள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"என் நிச்சயத்தை முறிச்சிட்டாகக்கா. இந்தா, இதை வச்சு," என்று செல்போனை நீட்டினாள்.

வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட். 'மேற்படி மணமகள் தமது கடையில் தூக்க மாத்திரைகளைக் கள்ளத்தனமாக விற்று வருவதும், தாமே அப்பழக்கத்துக்கு ஆளாகியிருப்பதும் எமது நேரடிக் கண்காணிப்பில் ஊர்ஜிதம் செய்யப்பட்டது.' கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே ஒரு ரயில்வண்டி நீளத்துக்குப் பட்டம்: டாக்டர் எஸ். சிவக்குமார், தலைமைப் புலனாய்வு இயக்குநர், மத்திய அரசு லைசென்ஸ் பெற்றவர்.

"அடேங்கப்பா!" என்றான் சோலை. பொறாமையில் பாதி, பிரமிப்பில் பாதி.

"இது பொய்யா?" தமிழ்வாணி நேராகக் கேட்டாள்.

"எப்ப வேணாலும் இன்ஸ்பெக்டர் வந்து நிப்பாரு. பில்லுக்கும் இருப்புக்கும் ஒத்த மாத்திரை இடிச்சாலும் என் லைசென்ஸ் போயிரும். அதைப் போயி நான் விப்பேனா? பொய்யிக்கா. ஒவ்வொரு எழுத்தும் பொய்யி."

"மாப்பிள்ளை திரும்ப வேணுமா?"

"மாப்பிள்ளை போனாப் போறான்க்கா. கடை போகக் கூடாது. இது எங்க ஊரு குரூப்பு எல்லாத்துலயும் சுத்துது. காய்ச்சல் மாத்திரைக்குக்கூட சனம் பஸ் ஏறி உசிலம்பட்டி போகுது. ஞாயித்துக்கிழமை வண்டியூருல ரெண்டு வீட்டுப் பெரியவுகளும் உக்காந்து பேசுறாக. தப்பு எங்க பக்கம்னு அங்க முடிவாச்சுன்னா, நான் ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

மொக்கையன் அப்போதுதான் வாய் திறந்தார். "எங்க வம்சத்துல அடுத்தவன் காட்டுக்குக் கூலி போகாம, சொந்தக் கடையில உக்காந்து சோறு திங்குற மொத ஆளு இவதான் தாயி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முறிக்கிறதுக்கு முன்னாடி எதும் மனத்தாங்கலா?"

"சண்டையெல்லாம் இல்ல. மாப்பிள்ளையோட அம்மா முனீஸ்வரி, நிச்சயம் முடிஞ்ச கையோட என்னைத் தனியாக் கூப்பிட்டாக. அவுக நாத்தனா மகன் மதுரையில மருந்துக்கடை போடப் போறாராம். என் சர்டிபிகேட்டை அங்க மாட்டிக்கிடுவாகளாம். நான் வரக்கூட வேணாமாம். என் சர்டிபிகேட்டு வாடகைக்கு இல்ல அத்தைன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் போனாக."

"சிரிச்சாகளா? அப்ப அன்னைக்கே முறிஞ்சிருச்சு," என்றாள் தமிழ்வாணி.

பாண்டிமீனா நிச்சயதார்த்தப் பத்திரிகையையும் கொண்டுவந்திருந்தாள். மாப்பிள்ளை அழகுராஜாவின் பெயரைவிடப் பெரிதாக, உச்சியில் செத்துப்போன இரண்டு பேரின் படம். 'தெய்வத்திரு சுருளியாண்டி, தெய்வத்திரு தங்கப்பொண்ணு ஆசியுடன்.' நாற்காலியில் ஒரு பாட்டி. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நெட்டையாக ஒரு தாத்தா.

"கல்யாணம் இவுகளுக்கா மாப்பிள்ளைக்கா?" என்றான் சோலை.

"அது முனீஸ்வரியம்மாவோட அப்பா ஆத்தா. படம் இம்புட்டுப் பெருசா வேணும்னு பிரஸ்காரன்கிட்ட அந்தம்மாவே போயி நின்னாக. அப்பா ஆத்தா மேல அம்புட்டு உசிரு."

தமிழ்வாணி பத்திரிகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் வில்லாபுரத்தில் போய் இறங்கினார்கள். பழைய ஓட்டு வீடு. அதன் முன்னறைக்கு மட்டும் கண்ணாடிக் கதவு போட்டு, கதவு முழுக்க அசோகச் சக்கரமும் ஆந்தையும் ஒட்டியிருந்தார்கள். ஆந்தை ராத்திரி கண் விழிக்குமாம். இந்த இயக்குநர் பகலிலேயே மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மதுரை வெயிலில் கோட்டு வேறு. கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து, வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "யெஸ், டாக்டர் சிவக்குமார்," என்றார்.

"தம்பிக்குப் பொண்ணு பார்த்திருக்கோம் சார். பொண்ணைப் பத்தி விசாரிக்கணும். இது எங்க அக்கா," என்றான் சோலை.

"நல்ல இடத்துக்கு வந்தீங்க தம்பி. நம்மகிட்ட மூணு தரம். புலனாய்வு அதிகாரி கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் ஒரு ரேட். துணை இயக்குநர் போட்டா அதுக்கு மேல. தலைமை இயக்குநர் கையெழுத்துன்னா சுப்ரீம் கோர்ட்டுலயே நிக்கும்."

"அதிகாரி, துணை இயக்குநரெல்லாம் வெளிய போயிருக்காகளா சார்?"

இயக்குநர் இருமினார். "எல்லாத்தையும் நானேதான் கவனிக்கிறேன்."

"அப்ப பேனாவை மட்டும் மாத்திக்கிடுவீகளோ?"

மேஜைக்கு அடியில் தமிழ்வாணி அவன் காலை மிதித்தாள். சோலை வாயை மூடிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். கடிகாரம் மேஜை மேல் சாய்ந்து கிடந்தது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கேடயங்களும் சான்றிதழ்களும் தரையில் சுவரோரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. எதிர்ச் சுவரில் ஒரே ஒரு ஆணி. அந்த ஆணியில் கனமான மரச் சட்டம் போட்ட பெரிய லைசென்ஸ். அதற்குக் கீழே சின்னப் பலகையில் ஓர் அகல் விளக்கு அணைந்திருந்தது. திரி இன்னும் எண்ணெயோடு கறுத்து மினுங்கியது.

"மத்த சர்டிபிகேட்டையும் மாட்டலாமே சார்? தரையில கிடக்கே," என்றாள் தமிழ்வாணி, அக்கறை பொங்க.

"எங்க மாட்டுறது? ஹவுஸ் ஓனரம்மா சுவத்துல ஆணி அடிக்க விடாது. இருக்கிற ஒரு ஆணியைத்தான் வச்சுக்கிடணும். வாராவாரம் வெள்ளிக்கிழமை வந்து விளக்கு வேற ஏத்தும். அந்த ஒரு ரோதனைதான் இங்க."

"சாமி கும்பிடுற இடம் சார். நல்லதுதானே. லைசென்சைக் கிட்டப் போயிப் பாக்கலாமா?"

"தாராளமா! ஒரிஜினல். சென்ட்ரல் கவர்ன்மென்ட்."

தமிழ்வாணி லைசென்ஸ் முன்னால் போய்க் கைகூப்பி நின்றாள். சோலையும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தான். கண்ணாடி மேல் இரண்டு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காலையில் வைத்தது, சந்தனம் ஓரத்தில் இன்னும் காயவில்லை. ஒரு பொட்டு வலது பக்கம் மேலே, 'அங்கீகரிக்கப்பட்ட' என்ற சொல்லின் வயிற்றில். இன்னொன்று இடது பக்கம், அதைவிட ஒரு சாண் கீழே, யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்தை மறைத்துக்கொண்டு.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது தமிழ்வாணி கேட்டாள். "சோலை, உன் பைக்குக்கு ஆயுத பூஜை அன்னைக்கு எங்க பொட்டு வைப்ப?"

"ஹெட்லைட்டுல, டேங்க்ல, நம்பர் பிளேட்டு மேல."

"நம்பரை மறைச்சா வைப்ப?"

"அதெப்படிக்கா? போலீஸ்காரன் புடிப்பான்."

"பீரோவுக்கு, கதவுக்கு?"

"நாலு மூலையிலயும்."

"இங்க கையெழுத்து மேல வச்சிருக்கு. அந்தப் பொட்டு லைசென்சுக்கு வச்சது இல்ல."

"பொட்டு வைக்கிறவுகளுக்குப் படிக்கத் தெரியணும்னு சட்டமாக்கா?"

தமிழ்வாணி கைப்பையிலிருந்து நிச்சயதார்த்தப் பத்திரிகையை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். அக்கா இப்படி வாயை மூடிக்கொண்டால் ஏதோ பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். கேட்டால் சொல்லமாட்டாள். சோலைக்கு அதுவும் ஒரு எரிச்சல்.

பஞ்சாயத்துக்குத் தலைமை வகிக்கிறவர் காசிமாயன். இரண்டு வீட்டுக்கும் சொந்தம். சனிக்கிழமை சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தவரிடம் இருவரும் போனார்கள்.

"ஐயா, அந்த லைசென்ஸ் போலி," என்றாள் தமிழ்வாணி.

"நீ பார்த்தியா தாயி?"

"பாக்கவே வேணாங்கய்யா. தனியார் துப்பறியிறவுகளுக்கு லைசென்ஸ் கொடுக்க இந்த நாட்டுல சட்டமே இல்ல. ஒரு மசோதா கொண்டாந்தாக. பார்லிமென்டுல வருசக்கணக்காக் கிடந்துச்சு. அப்புறம் அவுகளே திரும்ப வாங்கிக்கிட்டாக. வாட்ச்மேன் அனுப்புற கம்பெனிக்கு லைசென்ஸ் உண்டு. எங்க வேலைக்குக் கிடையாது."

காசிமாயன் கடலைத் தோலை ஊதினார். "அப்ப உனக்கும் இல்ல?"

"எனக்கும் இல்ல."

"உன் பதவி என்ன?"

"பதவின்னு ஒண்ணும் இல்லங்கய்யா. விசாரிச்சுச் சொல்லுவேன்."

"நல்லா இருக்கே! அவன்கிட்ட இல்லாத லைசென்சு கண்ணாடி போட்டுத் தொங்குது. உன்கிட்ட அதுவும் இல்ல. நான் யாரை நம்ப?"

சோலைக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஒரு கார்டை எடுத்து இந்தக் கிழவர் மடியில் போட்டால் என்ன? இணை இயக்குநர் என்றால் கொஞ்சமாவது மரியாதை வரும் அல்லவா? அக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். கை திரும்பி வந்துவிட்டது.

"நீங்க சொல்றது சரிதாங்கய்யா," என்றாள் தமிழ்வாணி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "அந்த லைசென்சை நாளைக்கு அவரைக் கொண்டாரச் சொல்லுங்க. மரச் சட்டத்தோட அப்படியே. சபையில வச்சு எல்லாரும் பாத்துக்கிடுவோம். ஒரிஜினலா இருந்தா நானே அந்தப் புள்ளையை மன்னிப்புக் கேக்கச் சொல்றேன்."

"இது பேச்சு," என்றார் காசிமாயன்.

திரும்பி வரும்போது சோலை வெடித்தான். "அக்கா, என்ன வாக்குக் கொடுத்துட்டு வாரீக? அந்தச் சனம் கண்ணாடி போட்டு மாட்டுனா நியூஸ் பேப்பரைக்கூட நம்பும்!"

"நம்பட்டும். நாளைக்கு உனக்கு ஒரு வேலை இருக்கு. நான் சொன்னதும் அந்த லைசென்சுக்கு மேல காலைத் தூக்கணும்."

"சென்ட்ரல் கவர்ன்மென்ட் மேலயா?"

"தூக்கணும், அம்புட்டுத்தான். கீழ வச்சிராத. தவறி வச்சேன்னு வையி, ஆயுசுக்கும் நீ என்னை மன்னிக்க மாட்ட."

இதற்கு என்ன அர்த்தம் என்று சோலைக்கு ராத்திரி முழுக்க விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சின்ன மண்டபம். ஜமுக்காளத்தில் ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நடுவில் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிச்சயத் தட்டுகள். பாண்டிமீனா அப்பாவுக்குப் பக்கத்தில், தலை குனியாமல் உட்கார்ந்திருந்தாள். தலை குனியாததற்கே எதிர்ப்பக்கத்தில் இரண்டு பெண்கள் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை அழகுராஜா தூணோடு தூணாகச் சாய்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

முனீஸ்வரி பட்டுச்சேலையில் இருந்தாள். நிச்சயத்தை முறிக்க வந்தவள் மாதிரி இல்லை, இன்னொரு நிச்சயத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவள் மாதிரி இருந்தாள். "நாங்க யாரையும் குத்தம் சொல்லலண்ணே," என்று காசிமாயனிடம் ஆரம்பித்தாள். "மாத்திரை விக்கிற புள்ளையா மாத்திரை திங்கிற புள்ளையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? லைசென்ஸ் உள்ள ஆளு விசாரிச்சுச் சொன்னாரு. அம்புட்டுத்தான்."

மொக்கையனின் கை துண்டை முறுக்கியது. பாண்டிமீனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் எஸ். சிவக்குமார் கோட்டோடு வந்தார். லைசென்சைப் பூத்துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தார். துண்டை விலக்கியதும் கூட்டம் எட்டிப் பார்த்து 'ஆமாமா' என்றது. படிக்கத் தெரிந்தவர்களும் படிக்கவில்லை. முத்திரையைப் பார்த்தார்கள்; அது போதுமாம். வெட்கக்கேடு!

"முனீஸ்வரியம்மா, இந்த சாரை உங்களுக்கு முன்னாடியே பழக்கமா?" தமிழ்வாணி கேட்டாள்.

"யாருன்னே தெரியாது. இப்பத்தான் மொகத்தையே பாக்குறேன். மகன் நெட்டுல தேடிப் புடிச்சான்." தூணோரம் இருந்த மகன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

"நீங்க அவுக ஆபீசுக்குப் போனதே இல்ல?"

"அந்தத் திசைப்பக்கமே போனதில்ல."

"சார், உங்களுக்கு இந்தம்மாவை?"

"நோ நோ. கட்சிக்காரங்ககிட்ட நேர்ல பழகுறது எங்க விதிமுறைக்கு விரோதம்."

"சரி. லைசென்சைக் கொடுங்க, பாத்துருவோம்."

தமிழ்வாணி வாங்கினாள். தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அப்புறம், ஒரு மணையைப் போடுவதுபோல, அதைத் தரையில் ஜமுக்காளத்தின் மேல் மல்லாக்கப் போட்டாள். இரண்டு பொட்டும் கூரையைப் பார்த்துக் கிடந்தன.

"சோலை, தட்டு அந்தப் பக்கம் இருக்கு பாரு. எடுத்துட்டு வா. சுத்திப் போக வேணாம், இதுமேலயே மிதிச்சு வா."

சோலை எழுந்தான். சபை மொத்தமும் பார்க்கிறது. வலது காலைத் தூக்கி லைசென்சுக்கு நேர் மேலே நிறுத்தினான்.

"ஏய்! கவர்ன்மென்ட் டாகுமென்ட்! கேஸ் போடுவேன்!" என்று கத்தினார் இயக்குநர். கத்தினாரே தவிர, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அசைந்தது வேறு ஆள். பெண்கள் பக்கமிருந்து ஒரு பட்டுச்சேலை பாய்ந்து வந்தது. "அய்யய்யோ, காலை எடுடா பாவி!" சோலையின் கணுக்காலில் ஒரு தள்ளு. ஒற்றைக் காலில் நின்றவன் நிலை தடுமாறி நிச்சயத் தட்டுக்குப் பக்கத்தில் போய் விழுந்தான். தேங்காய் உருண்டது. விழுந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது, முனீஸ்வரி அந்த லைசென்சை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பொட்டுக் கலையாமல் முந்தானையால் சட்டத்தின் ஓரத்தைத் துடைத்தாள். பிறகு அதைத் தூக்கி, வலது கண்ணில் ஒரு முறை, இடது கண்ணில் ஒரு முறை ஒற்றிக்கொண்டாள்.

முனீஸ்வரிக்கே அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. கை கீழே இறங்கியது.

"லைசென்சைப் பாத்து மிரளுவாக, கும்பிடுவாக, அதுவரைக்கும் சரி," என்றாள் தமிழ்வாணி மெதுவாக. "முகம் தெரியாத ஒரு ஆளோட லைசென்சை எதுக்கும்மா கண்ணுல ஒத்துறீக?"

"அது... சாமிப் பொட்டு வச்சிருக்கே..."

"ஆமா, வச்சிருக்கு. முந்தாநாள் காலையில நீங்க வச்ச பொட்டு. ஐயா, அந்தச் சட்டத்தோட முதுகைக் கொஞ்சம் கழட்டிப் பாருங்க."

காசிமாயன் சட்டத்தை வாங்கினார். முனீஸ்வரி விட மறுத்தாள்; இரண்டு இழுப்பில் விட்டாள். பின்பலகையின் ஆணிகளை நகத்தால் நெம்பி எடுத்தார். பலகை வந்தது. பலகைக்கு அடுத்ததாக வந்தது லைசென்ஸ் அல்ல. ஒரு பழைய புகைப்படம். நாற்காலியில் ஒரு பாட்டி. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நெட்டையாக ஒரு தாத்தா. தமிழ்வாணி கைப்பையிலிருந்து நிச்சயதார்த்தப் பத்திரிகையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே இரண்டு பேர். லைசென்சை உருவிவிட்டுப் படத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்தபோது, மேல் பொட்டு தாத்தாவின் நெற்றியில் போய் உட்கார்ந்தது. கீழ்ப் பொட்டு பாட்டியின் நெற்றியில்.

"சுருளியாண்டி!" என்றார் காசிமாயன். "ஏத்தா முனீஸ்வரி, உங்கப்பன் ஆத்தா படம் இந்தப் பயலோட சட்டத்துக்குள்ள எப்படி வந்துச்சு?"

"அந்தப் பயதான் உங்க முனீஸ்வரியம்மா வீட்டுக்குள்ள இருக்கான் ஐயா," என்றாள் தமிழ்வாணி. "வில்லாபுரத்துல அவுக பொறந்த வீடு. முன்னறையில இவரைக் குடி வச்சிருக்காக. அப்பா ஆத்தா படத்தை இறக்கவும் விடமாட்டாக, புதுசா ஆணி அடிக்கவும் விடமாட்டாக. அதனால சார் படத்துக்கு முன்னாடியே லைசென்சைச் சொருகிட்டாரு. அந்தம்மாவும் வெள்ளிக்கிழமை தவறாம வந்து, அது மேலயே பொட்டு வச்சிட்டுப் போறாக. நெத்தி எந்த இடத்துல இருக்குன்னு கை பழகியிருக்குல்ல? கண்ணை மூடிக்கிட்டு வச்சாலும் தப்பாது."

இயக்குநர் எழுந்து கோட்டைக் கழற்றினார். கழற்றியதும் அவர் சாதாரண சிவக்குமார் ஆகிவிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் பிளெக்ஸ் டிசைன் போடுறவன். தொழில் படுத்துருச்சு. அந்தம்மாதான், மாத்திரைன்னு எழுது, பழக்கம்னு எழுது, வாடகையை அப்புறம் பாத்துக்கிடலாம்னு சொன்னாக. நான் பேரையூரே பாத்ததில்ல."

"டாக்டர் பட்டம்?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டான் சோலை.

"அதுவும் நானே டிசைன் பண்ணதுதான்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பாண்டிமீனா சிரிக்கவில்லை. எழுந்து சிவக்குமார் முன்னால் போய்த் தன் செல்போனை நீட்டினாள்.

"வீடியோ ஓடுது. எழுதுனது பூராப் பொய்யின்னு உங்க வாயால சொல்லுங்க. பேரையும் சொல்லுங்க. பட்டம் வேணாம்."

அவன் சொன்னான். வேர்த்து விறுவிறுத்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். காசிமாயன் பெரியவர்களைப் பார்த்தார். "இது எந்தெந்த குரூப்புல போச்சோ அந்தந்த குரூப்புல, அனுப்புனவனே திரும்ப அனுப்பணும். இன்னைக்கே. தப்பு எந்தப் பக்கம்னு இனிமே நான் வேற சொல்லணுமா?"

அழகுராஜா தூணை விட்டு வந்தான். "மீனா, எனக்குச் சத்தியமாத் தெரியாது. நெட்டுல நான் யாரையும் தேடல. அம்மா சொன்னாக, நான்..."

"ரிப்போர்ட்டைப் படிச்சீகளா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு எனக்கு ஒரு போன் போட்டீகளா?"

அவன் கால் விரலைப் பார்த்தான்.

"போயி அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் அவள்.

முனீஸ்வரி உட்கார்ந்த இடத்தில் அழுதுகொண்டிருந்தாள். பெரியவர்கள் முன்னால் மாட்டிக்கொண்டதற்கு அழுதாளா, அப்பன் ஆத்தாவைப் போலிக் காகிதத்துக்குப் பின்னால் அடைத்து வைத்ததற்கு அழுதாளா என்று சோலைக்குத் தெரியவில்லை. பாண்டிமீனா படத்தை எடுத்து, தன் துப்பட்டாவால் துடைத்து, அவள் மடியில் வைத்தாள். "பெரியவுக படம். வெளியவே மாட்டுங்கத்தை. மறைச்சு வைக்கிற அளவுக்கு அவுக ஒண்ணும் தப்புச் செய்யல."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட முனீஸ்வரிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

லைசென்ஸ் மட்டும் ஜமுக்காளத்தில் கிடந்தது. காசிமாயன் அதை எடுத்து பாண்டிமீனாவிடம் நீட்டினார். "கிழிச்சு எறி தாயி."

அவள் கிழிக்கவில்லை. மடங்காமல் சுருட்டிக் கைப்பையில் வைத்தாள். "கடையில ஆணி அடிக்க எனக்கு யாரு உத்தரவும் வேணாங்கய்யா. என் லைசென்சுக்குப் பக்கத்துலயே மாட்டப் போறேன். பேரையூரே வந்து ரெண்டையும் பாக்கட்டும். வர்றவுக அப்படியே மாத்திரையும் வாங்கிட்டுப் போகட்டும்."

மொக்கையன் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். பல் ஒன்று இல்லை; அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மண்டபத்து வாசலில் காசிமாயன் சோலையின் தோளைத் தட்டினார். "நேத்தே கேக்கணும்னு நெனச்சேன். தம்பி, நீ இதுல என்ன பதவி?"

சட்டைப் பையில் கார்டுக் கட்டு நெஞ்சை அமுக்கியது. தமிழ்வாணி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை சோலைக்குத் தெரியும். கட்டு எந்தக் கடையில் அடித்தது என்பதுவரை தெரிந்துவைத்திருக்கிற பார்வை அது.

"பதவியெல்லாம் இல்ல பெரியவரே. அக்கா காலைத் தூக்கச் சொன்னாத் தூக்குவேன்."

ஆட்டோவில் ஏறியதும் தமிழ்வாணி கேட்டாள். "பாண்டிமீனா கடையில ஆணி அடிக்கப் போகுதே, உன் கார்டையும் ஒண்ணு கொடுத்து மாட்டச் சொல்லட்டா?"

"வேணாங்க்கா," என்றான் சோலை, இடுப்பைத் தடவிக்கொண்டே. "பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. வீட்டுல பொண்டாட்டி பால் கணக்கு எழுதிக்கிடுவா."